ருசி எப்படின்னு யாரும் கேக்கல

கறுப்பு பீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொற்பஞ்சமே கிடையாது. ஒரு போத்தலைத் திறந்தால் சாக்லேட், எஸ்பிரெஸ்ஸோ, அதிமதுரம், உலர்ந்த திராட்சை, பழைய தோல்பை, ஈரமண் என்று ஒரு மளிகைக்கடையே வெளியே வரும். தமிழில் குடியைப் பற்றிப் பேச நமக்கு இரண்டு குரல்கள்தான் இருக்கின்றன. ஒன்று கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் அறிவுரை. மற்றது நண்பர்கள் கூடிய இடத்துச் சவடால், எத்தனை டின், யார் முதலில் விழுந்தான் என்ற கணக்கு. நாக்கில் என்ன பட்டது என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

மூன்று வருடமாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் நான் குடித்த கறுப்பு பீர்களைப் பற்றி எழுதி வருகிறேன். நாலு வரி, ஐந்து வரி. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஒரு நாள் திரும்பப் படித்தபோது எல்லா பீரும் ஒரே மாதிரி இருந்தது. எஸ்பிரெஸ்ஸோ, சாக்லேட், எஸ்பிரெஸ்ஸோ. நான் வளர்ந்த சி ரூசா தோட்டத்து லயத்தில் யாரும் எஸ்பிரெஸ்ஸோ குடித்ததில்லை. என் நாக்கு பழகிய கறுப்பு, கோப்பி ஓ. சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுத்த கொட்டை, துணி வடிகட்டியில் ஊற்றிய டிக்காஷன், அடியில் மண்டி. அதன் பிறகு தமிழில் எழுத ஆரம்பித்தேன். தமிழில் எழுதியதும் தோட்டம் உள்ளே வந்துவிட்டது. தோட்டம் வந்தால் சித்தப்பாவும் வருவார், அத்தையும் வருவார்.

முதலில் பீர். ஸ்டவுட்டின் கறுப்பு சாயம் போட்டு வருவதில்லை. வாற்கோதுமையைக் கோப்பிக்கொட்டை மாதிரியே கருக வறுத்துச் சேர்ப்பதால் வருவது. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் உருளையில் போட்டு வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் கருகிய தானியத்தை வைத்தே முழு அண்டாவையும் கறுப்பாக்கலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டின் பாட்டன், 1801இல் கரீபியன் தீவுகளுக்கு அனுப்புவதற்காக டப்ளினில் காய்ச்சிய வெஸ்ட் இண்டியா போர்ட்டர். கப்பலில் பல வாரம் கெடாமல் கிடக்க வேண்டும் என்பதால் கசப்புக்குப் போடும் ஹாப்ஸையும் போதையின் அளவையும் கூட்டினார்கள். வெயிலுக்கும் தூரத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் என்று பிறந்த பீர் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

மலாயாவுக்கு வந்த கின்னஸில் ஒரு வகைக்கு நாய்த்தலை போட்ட லேபிள் இருந்தது. லண்டனில் அதைப் போத்தலில் அடைத்து ஏற்றுமதி செய்த ரீட் பிரதர்ஸின் அடையாளம் அது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்து வாங்கினார்கள். சீனர் கோப்பிக்கடைகளில் இன்றும் ஹொக்கியனில் 'கறுப்பு நாய்' என்றால் ஸ்டவுட் வரும். 1960களின் நடுவில் பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் ஆலை வந்தது. டப்ளினிலிருந்து கெட்டியான சாறு மட்டும் வரும், மீதி எல்லாம் இங்கேயே. 1989இல் அது கின்னஸ் ஆங்கர், 2016இல் ஹைனெக்கன் மலேசியா. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தாலும் கோப்பிக்கடையில் கேட்கிறவர் "ஒரு ஸ்டவுட்டு" என்றுதான் கேட்பார்.

போர்ட்டிக்சனிலிருந்து கடற்கரைச் சாலையில் தெலுக் கெமாங் போகிற வழியில் இருக்கிறது சி ரூசா. ரூசா என்றால் மலாயில் மான். இப்போது மானும் இல்லை, ரப்பரும் இல்லாத குறை. செம்பனையும் தாமானும் தங்கும் விடுதிகளும்தான். சாலையோரக் கோப்பிக்கடையில் ஸ்டவுட் கேட்டால் பெரிய போத்தலோடு ஒரு கிண்ணம் ஐஸ் கட்டி வரும். பீரில் ஐஸ் போடுவதைப் பார்த்தால் பீர் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். நான் அதை முதலில் எழுதியது இப்படி: 'முதல் மடக்கு கருகின ரொட்டி. இரண்டாவது மடக்கில் அடிநாக்கில் வேப்பங்கொழுந்து. ஐஸ் கரையக் கரைய கோப்பி ஓ கோசோங். கடைசியில் இரும்பு, சின்ன வயதில் ஐம்பது காசை வாயில் போட்டுச் சப்பின ஞாபகம்.' மத்தியானம் இரண்டு மணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஐஸ் இல்லாமல் அதைக் குடிக்க முடியாது. காற்று அதிகம், கசப்பு அதிகம், தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கும். பப்புகளில் குழாயில் வரும் கின்னஸ் வேறு ஜாதி. அதில் நைட்ரஜன் கலப்பதால் நுரை மோர் ஆடை மாதிரி நிற்கும், கசப்பு பதுங்கிக்கொள்ளும். எனக்குப் போத்தல்தான் பிடிக்கும். பதுங்காத கசப்பு.

தோட்டத்தில் இந்தக் கறுப்பு பீரைக் குடிக்க மூன்று பேருக்கு அனுமதி இருந்தது. முதலில் சாமி. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படையலில் ஒரு போத்தல் ஸ்டவுட்டும் சுருட்டும் இருக்கும். அடுத்து சம்பளம் போட்ட அன்றைக்கு ஆம்பளைகள், கள்ளிலிருந்து ஒரு படி ஏறிக்கொள்ள. மூன்றாவது பிள்ளை பெற்றவள். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டு, நல்லெண்ணெய், மிளகு, கருவாடு, அதோடு ஒரு மங்கு ஸ்டவுட். சில வீடுகளில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்குவார்கள். ரத்தம் ஊறும், உடம்பு சூடு பிடிக்கும், பால் சுரக்கும் என்று நம்பினார்கள். பக்கத்துக் கம்பத்துச் சீனக் குடும்பங்களிலும் இதே நம்பிக்கை. 1929இல் இங்கிலாந்தில் 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்று தொடங்கிய விளம்பரம் உலகமெல்லாம் சுற்றி வந்து எங்கள் லயத்துப் பிரசவ அறைக்குள் பத்தியமாக உட்கார்ந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் ஒரு பெரிய கிளாஸில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. தாய் குடித்தால் பாலிலும் போதை சேரும் என்று இன்று கிளினிக்கில் சொல்வார்கள். ஆனால் விடிவதற்குள் நெத்தி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போய், மத்தியானம் காண்டாவில் பால் வாளி சுமந்து திரும்பின ஒருத்திக்கு, படுத்துக் கிடக்க அனுமதி கிடைத்த சில வாரங்களில் கைக்கு வந்த அந்த மங்கை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளவும் எனக்கு மனசு வராது.

அத்தைக்கு நாலு பிள்ளைகள். ஆக நாலு முறை அவருக்கு ஸ்டவுட் கிடைத்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த ருசி எப்படி இருந்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

"ருசியா?" என்றார். "நல்லாருக்கான்னு அன்னிக்கு யாரும் கேக்கல பாப்பா. குடிச்சிட்டியான்னுதான் கேட்டாங்க."

இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம் அந்தப் பதில்தான். ஆனால் அத்தையிடம் கிளாஸை நீட்டுவது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் குடும்பத்தில் போத்தல் என்றால் சித்தப்பா. அத்தைக்குக் கடைசித் தம்பி. சித்தப்பாவைக் கொன்றது பீர் இல்லை. சம்சு. உள்ளங்கையில் அடங்கும் தட்டைப் போத்தல், இரண்டு வெள்ளிகூட ஆகாது, மளிகைக் கடையில் அரிசி பருப்போடு கணக்கில் எழுதி வாங்கலாம். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த வருடங்களில், மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் குலை வெட்டும் குத்தகைக்குப் போனார். அந்த வேலை அவருக்கு வரவேயில்லை. நாற்பத்தாறு வயதில் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்தார். அதிலிருந்து அத்தை வீட்டு வாசப்படிக்குள் போத்தல் வரக்கூடாது. தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைகளானாலும் வெளியேதான்.

தோட்டத்துக்கு இது புதிய காயமும் இல்லை. கள்ளுக்கடை என்பது லயம், ஆயாக்கொட்டகை, கோயில் மாதிரி தோட்டத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலமே அங்கே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதனின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றது. 1947இல் பீடோங்கில் அது போலீஸ் அடிதடியில் முடிந்தது. கள்ளுக்குப் பிறகு வந்த சம்சுவுக்கு எதிராகவும் பயனீட்டாளர் சங்கங்கள் பல வருடம் கத்தின. கடைசியில் 2016இல் விதிமுறையைத் திருத்தி, அந்த மாதிரிக் கலவை மதுவை 700 மில்லிக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்கலாம் என்றும், 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக்கூடாது என்றும் கொண்டுவந்தார்கள். உள்ளங்கைப் போத்தலை ஒழிப்பதுதான் நோக்கம். 2017 டிசம்பரில் அது அமலுக்கு வந்தபோது சித்தப்பா புதைந்த இடத்தில் புல் முளைத்து வெட்டி மறுபடி முளைத்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே கோலாலம்பூரில் ஒரு கிராஃப்ட் பீர் கடையில் உட்கார்ந்து, கிளாஸை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதி. உள்ளூரில் சின்ன அளவில் காய்ச்ச உரிமம் வாங்குவது லேசான காரியம் இல்லை. 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த 'பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்' என்ற விழாவுக்கு எதிர்ப்புக் கிளம்பி, மாநகராட்சி அனுமதி தர மறுத்தது. வரியும் சேர்ந்துகொள்கிறது. 2016 மார்ச்சில் பீருக்கு அதில் இருக்கும் சுத்த சாராயத்தின் அளவை வைத்து, லிட்டருக்கு 175 வெள்ளி என்று வைத்தார்கள். அரை லிட்டர் போத்தலில் ஐந்து சதவீதம் என்றால் அரசாங்கத்துக்கு மட்டும் நாலு வெள்ளிக்கு மேல்.

ஒரு முறை அந்தக் கடையில் பெல்ஜியத்து லாம்பிக் குடித்தேன். பிரஸ்ஸல்ஸ் பக்கம் காய்ச்சுவது. ஈஸ்ட் போடாமல் திறந்த தொட்டியில் ஆறவைத்து, காற்றில் வருகிறதே புளிக்க வைக்கட்டும் என்று விட்டு, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டு வைப்பார்கள். நல்ல விலை. ஒரு மடக்கு உள்ளே போனதும் தெரிந்துவிட்டது. மத்தியானம் தாண்டின கள். அதே புளிப்பு, அதே லேசான அழுகின பழ வாடை, அதே காற்று. பாளையில் சொட்டும்போதே பானையிலும் காற்றிலும் இருப்பது சேர்ந்து புளிக்க ஆரம்பித்து, மறுநாள் காடியாகிவிடும் அந்தக் கள்தான். ஒன்றுக்கு மெல்லிய கிளாஸ், இன்னொன்றுக்குப் பிளாஸ்டிக் வாளி. கள்ளைக் குடித்த தாத்தாக்களின் நாக்கில் நயம் இருந்திருக்கும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும், தென்னை மாறினால் ருசி மாறுவதற்கும் அவர்களிடம் சொற்கள் இருந்திருக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினவர்கள் குடும்பம் கெட்டதை எழுதினார்கள். அது எழுதப்பட வேண்டியதுதான். மற்றது எழுதப்படாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.

போன வருடக் கடைசியில் நாலு பீர் எடுத்துக்கொண்டு சி ரூசா போனேன். வீட்டுக்குள் இல்லை, பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில். அத்தைக்கு இனிப்பு நீர் உண்டு. அதனால் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் உயரம்தான், அதற்கு மேல் இல்லை என்று பேச்சு. மருமகள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"புள்ள பெத்தவளுக்குத்தான் இது. நீ எதுக்குடி குடிக்கிற?" என்று முதலில் கேட்டார். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. "ருசிக்கு அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை வாங்கிக்கொண்டார்.

முதலில் கார்ல்ஸ்பெர்க் மலேசியாவின் கோனர்ஸ். மென்மையான பீர், பால் விட்ட கோப்பி மாதிரி. கறுப்புக்குப் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அத்தை வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "கோப்பிக்கட மூடுறப்ப சாக்கு கழுவி ஊத்துவானே சீனன், அது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோனர்ஸ் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதில் எனக்கு ஏதோ குறைகிறது என்று நாலு தடவை எழுதியும் பிடிபடாததை அவர் ஒரு மடக்கில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கின்னஸ், போத்தல், ஐஸ் இல்லாமல். முகர்ந்ததுமே கிளாஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "பூண்டு வாசம் வருது."

"இதுல பூண்டு இல்ல அத்தை."

"இல்லதான். எனக்கு வருது. சாம்பிராணியும் வருது. மூணாவது பொண்ணு பொறந்தப்ப உங்க மாமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இந்தப் போத்தல வெச்சிட்டுப் போனாரு. பேசல." இன்னொரு மடக்குக் குடித்தார். "கசப்பு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குத் தெரியல."

மூன்றாவது, நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த லயன் ஸ்டவுட். இலங்கையில் நுவரெலியா மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த பீர். பிறகு ஆலை கொழும்புப் பக்கம் இறங்கிவிட்டது. பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் வேறு, இவர் வேறு) இதைத் தேடிப் போய்க் குடித்து எழுதியதால் உலகப் பெயர். எட்டு சதவீதத்துக்கு மேல் போதை. என் நோட்டில் 'பேரீச்சம்பழம், கருகின வெல்லம், கடைசியில் சூடு' என்று இருந்தது. அத்தை சொன்னார்: "கருப்பட்டிப் பாகு, பதம் தப்புனது. ஒதடு ஒட்டுது பாரு. இது ஏமாத்துற சரக்கு. இனிக்கும், எந்திரிக்க முடியாது. இதெல்லாம் அவன் கையில கெடச்சிருந்தா…" முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இனிப்புக்குப் பின்னால் வரும் அந்தச் சூட்டை நான் பாராட்டித்தான் எழுதியிருந்தேன். அவருக்கு அதே சூடு ஓர் ஆளை ஞாபகப்படுத்தியது. இரண்டும் ஒரே கிளாஸில்தான் இருக்கிறது.

நாலாவது ஜெர்மனியில் பாம்பெர்க் ஊரின் ஷ்லெங்கர்லா. ஸ்டவுட் இல்லை, கருஞ்செம்மை நிறம். மால்ட்டை பீச் மர விறகுப் புகையில் காயவைத்துக் காய்ச்சுவார்கள். ஆங்கிலக் குறிப்புகள் எல்லாம் இதைப் பன்றி இறைச்சிப் புகை வாசம் என்று சொல்லும். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அத்தை குடிக்கவே இல்லை. கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"இது பொகக்கொட்டாடி."

ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகை. பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, மிஷினில் கொடுத்து அழுத்தி, வரிவரியாக வந்த ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டு, ரப்பர் மர விறகைப் போட்டு நாலைந்து நாள் புகை காட்டுவார்கள். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வரும். அத்தை கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அங்கே வேலை செய்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அழுக்கு, நீர்க்குமிழி பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. "கையில புடிச்சாலே தெரியும் எனக்கு, காஞ்சுதா இல்லியான்னு. மோந்து பாத்தே சொல்லுவேன். கிராணி என்னக் கேட்டுத்தான் எழுதுவாரு." மலாயா ரப்பரின் முதல் தரம் எது, இரண்டாம் தரம் எது என்று மூக்கை வைத்துச் சொன்ன ஒரு பெண்ணிடம், நாலு பிரசவத்திலும் ஸ்டவுட்டின் ருசியை யாரும் கேட்கவில்லை.

இப்போது ஷ்லெங்கர்லா பக்கத்தில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்: 'புகைக்கொட்டகை, மூணாம் நாள். விறகு நல்லா காய்ந்தது. அடியில் லேசான இனிப்பு, ஷீட்டை வாயில் கடித்தால் வருமே அது.' கடைசி வரி அத்தையுடையது. ஷீட்டை ஏன் கடித்தீர்கள் என்று கேட்டதற்கு, பசி என்றார்.

மூன்று கிளாஸில் மிச்சம் வைத்தவர் நாலாவதை முழுதாகக் குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். கட்டைவிரல் உயரம் என்ற பேச்சை ஞாபகப்படுத்தினேன். "சரி, அரை வெரலு" என்றார். ஊற்றினேன். அப்போது முன்வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. மூத்த மகன். வேலை முடிந்து வந்து வாசலுக்கு வெளியே நின்று ஒரு டின் டைகர் குடித்துவிட்டுத்தான் தினமும் உள்ளே வருவான். ஊருக்கே தெரியும். அறுபத்தெட்டு வயது அத்தை சட்டென்று கிளாஸைச் செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னால் வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ குடிக்கிறதா இருந்தா குடி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "என்னுத யாரும் தட்டிவிடாம பாத்துக்க."